வின்மோடம் போற்றி

வின்மோடமே, துறவில் உனக்கு நிகர் எவருமில்லை.

உன் முன்னோர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்தவர்கள். மேசைமேல் தனி இடம், சுவரில் தனி அடாப்டர், கணினியின் முதுகில் மாட்டத் தடித்த சீரியல் கேபிள், முகப்பில் ஒரு வரிசை விளக்குகள் என்று அவர்களுக்கு எத்தனை தேவைகள்! நீ உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. அதில் ஒன்றிரண்டு சில்லுகள், டெலிபோன் வயர் செருக இரண்டு துளைகள், அவ்வளவுதான். பிசிஐ ஸ்லாட்டில் உன்னைச் செருகி மூடியைத் திருகிவிட்டால் நீ இருப்பதே வெளியில் தெரியாது. லினக்ஸுக்கும் தெரியாது.

எதையெல்லாம் துறந்தாய் என்று அறிந்தால்தான் உன்னை முழுதாகப் போற்ற முடியும். மோடத்தின் வேலை எளியதல்ல. கணினி தரும் ஒன்றையும் பூஜ்யத்தையும் டெலிபோன் கம்பி தாங்கக்கூடிய ஓசையாக மாற்ற வேண்டும். எதிர்முனையிலிருந்து இரைச்சலும் எதிரொலியும் கலந்து வரும் ஓசையிலிருந்து ஒன்றையும் பூஜ்யத்தையும் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும். மனிதக் குரல் போய்வர ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை என்று அளந்து விடப்பட்ட பாதை அது. அந்தக் குறுகலுக்குள் 1994-ல் வந்த வி.34 தரம் விநாடிக்கு 28,800 பிட்களைச் செலுத்தியது. 1998-ல் வந்த வி.90, நம்மை நோக்கி வரும் திசையில் 56,000 வரை போனது. கணிதம் தெரிந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய சாதனை. இதைச் செய்யப் பழைய மோடத்துக்குள் மூன்று பகுதிகள் இருந்தன. கம்பியைத் தொடும் மின்சுற்று ஒன்று. ஓசையைக் கணக்கிடும் சிக்னல் பிராசஸர் ஒன்று. கணினியின் கட்டளையைக் கேட்டு, எண்ணை டயல் செய்து, பிழை திருத்தி, தரவைச் சுருக்கி அனுப்பும் கன்ட்ரோலர் ஒன்று.

நீ முதலில் கன்ட்ரோலரைத் துறந்தாய். லூசென்ட் நிறுவனத்தின் எல்டி வரிசை அந்தப் படியில் நின்றுகொண்டது, சிக்னல் பிராசஸரை அது கைவிடவில்லை. பிசிடெல்லின் எச்எஸ்பி, கோனெக்ஸன்டின் எச்எஸ்எஃப், மோட்டோரோலாவின் எஸ்எம்56, ஸ்மார்ட்லிங்க் ஆகிய உன் மூத்த அடியார்கள் அதையும் உதறினார்கள். கம்பியைத் தொடும் சுற்றும், ஓசையை எண்ணாக்கும் கோடெக்கும் மட்டும் மிஞ்சின. மற்ற எல்லா வேலையையும் வாங்கியவருடைய பிராசஸரின் தலையில் ஏற்றினார்கள். 1998-ல் இன்டெல் மதர்போர்டின் ஓரத்தில் ஏஎம்ஆர் என்று ஒரு குட்டி ஸ்லாட்டை அமைத்துக் கொடுத்ததும், அட்டை என்று சொல்லவும் கூசும் அளவுக்கு நீ இளைத்துப்போனாய். தன்னிடம் ஏதும் வைத்துக்கொள்ளாமல் பிறர் உழைப்பில் வாழும் நெறியை இவ்வளவு தூய்மையாகக் கடைப்பிடித்த இன்னொரு கருவியை நான் கண்டதில்லை.

உன்னால் வீடுகளுக்குக் கிடைத்த நன்மையை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது, 1998-ல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி அசெம்பிள் செய்யப் போனவர்களுக்கு நீ சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தாய். வெளியே வைக்கும் மோடத்துக்குச் சில ஆயிரம் கொடுக்க வேண்டும். கடன் வாங்கிக் கணினி வாங்கிய வீடுகளில் அந்த வித்தியாசம் பெரிய தொகை. உன் விலை அப்படிக் குறைந்திராவிட்டால் எத்தனையோ வீடுகளில் இணையத்தின் அந்தக் கீச்சொலி கேட்டிருக்கவே கேட்டிருக்காது. அந்த விலைக்குள் எது அடங்கவில்லை என்பதை மட்டும் கடைக்காரரும் சொல்லவில்லை, உன் டப்பாவும் சொல்லவில்லை.

உன் பெருமை விளங்க, வெளியே உட்கார்ந்திருந்த அந்தச் சீரியல் மோடத்தின் சிறுமையையும் சொல்ல வேண்டும். அதற்கு மானம் என்பதே கிடையாது. டாஸ் கூப்பிட்டாலும் போகும், மேக் கூப்பிட்டாலும் போகும், யுனிக்ஸ் கூப்பிட்டாலும் போகும். டெனிஸ் ஹேய்ஸின் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தின் கட்டளைகளை ஊரறிய அச்சிட்டு வைத்துக்கொண்டு அவற்றையே கடைசிவரை பேசியது. ஏடி என்று அனுப்பினால் ஓகே என்று பதில் தரும். ஏடிடிடி என்று அனுப்பி எண்ணைச் சேர்த்தால் டோனில் டயல் செய்யும். ஊரில் பழைய எக்ஸ்சேஞ்ச் என்றால் ஏடிடிபி, பல்ஸில் டயல் செய்யும். நம் நாட்டு டயல்டோன் அதன் காதுக்குப் பழக்கமில்லை என்றால் ஏடிஎக்ஸ்3, டோனுக்குக் காத்திருக்காமல் வேலையைப் பார்க்கும். இதற்கு டிரைவர் வேண்டாம், சிடி வேண்டாம், எவருடைய அனுமதியும் வேண்டாம். சீரியல் போர்ட்டில் நாலு எழுத்து அனுப்பத் தெரிந்த எந்த இயந்திரத்துக்கும் அது அடிமை. ரகசியம் காக்கவும் அதற்குத் தெரியாது. கம்பியை எடுத்தால் ஒரு விளக்கு, எதிர்முனையின் கேரியர் கிடைத்தால் ஒரு விளக்கு, தரவு போனால் ஒன்று, வந்தால் ஒன்று என்று தான் செய்வதையெல்லாம் அறையில் இருப்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். திகைத்து நின்றுவிட்டால் அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் போதும், ரோஷமில்லாமல் எழுந்து மறுபடி உழைக்கும். இந்தப் பிறவியைத்தான் லினக்ஸ்காரர்கள் கூடுதல் பணம் கொடுத்துத் தேடி வாங்கினார்கள்.

நீ அப்படி எவர் பின்னாலும் போகிறவன் அல்ல. உனக்கு ஒரே எஜமானர். யுஎஸ் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் அந்த எஜமானரின் பெயரில் பாதியைச் சேர்த்துத்தான் உன் பெயரையே வணிகச் சின்னமாகப் பதிந்தது, பிறகு உன் குலம் முழுவதற்கும் மக்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். விண்டோஸில் நீ நொடியில் விழித்துக்கொள்வாய். அதே கணினியில், அதே ஸ்லாட்டில், அதே டெலிபோன் கம்பியோடு லினக்ஸைத் தொடங்கினால் உன்னிடமிருந்து ஓர் அசைவும் வராது. புதிதாக லினக்ஸ் நிறுவியவர் கேபிபிபி என்ற டயல் செய்யும் நிரலைத் திறந்து இணைக்கச் சொல்வார், மோடம் பதிலளிக்கவில்லை என்று வரும். டபிள்யூவிடயல்கான்ஃப் என்று கட்டளையிட்டால் அது சீரியல் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு மோடமே இல்லை என்று அறிக்கை தரும். எல்எஸ்பிசிஐ கட்டளை மட்டும் கம்யூனிகேஷன் கன்ட்ரோலர் ஒன்று இருப்பதாக ஒரு வரி சொல்லும். காசு கொடுத்து வாங்கியவரிடம்கூட ஒரு வார்த்தை பேசாத உன் கற்பை என்னவென்று புகழ்வது!

உன்னைப் போல் ஓர் ஆசானும் கிடையாது. தன் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கவலைப்படாத காலத்தில் அதைத் துருவித் துருவிப் படிக்க வைத்தவன் நீ. டப்பாவின் மேல் ஒரு பெயர் இருக்கும், உள்ளே இருக்கும் சில்லு வேறொருவருடையது. சில்லின் பெயர் தெரியாமல் டிரைவரைத் தேட முடியாது. ஆகவே எல்எஸ்பிசிஐ-யிடம் பெயராகக் கேட்காமல் எண்ணாகக் கேட்கக் கற்றுக்கொண்டோம். 11சி1 என்றால் லூசென்ட். 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட். 134டி என்றால் பிசிடெல். மதர்போர்டோடு வந்த ஏசி97 வகை என்றால் இதுவும் போதாது. அந்த எண் இன்டெல் என்றோ விஐஏ என்றோதான் சொல்லும், அதன் பின்னால் இருக்கும் கோடெக்கின் அடையாளத்தைத் தனியாகத் தேட வேண்டும். எஸ்ஐஎல் என்று தொடங்கினால் ஸ்மார்ட்லிங்க் டிரைவர், சிஎக்ஸ்டி என்றால் கோனெக்ஸன்ட் டிரைவர். இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே ஸ்கேன்மோடம் என்று ஒரு ஸ்கிரிப்டைத் தன்னார்வலர்கள் எழுதிப் பல ஆண்டுகள் பராமரித்தார்கள். சம்பளமில்லாமல் அந்த மனிதர்கள் கொடுத்த நேரத்தை எந்தச் சில்லு நிறுவனமும் தன் கணக்கில் எழுதவில்லை.

பெயர் தெரிந்த பிறகுதான் உன் பாடத்திட்டத்தின் அடுத்த நிலை. டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும். எனவே லினக்ஸை மூடி, விண்டோஸைத் திறந்து, உன்னைக் கொண்டே இணைய இணைப்புக்கான எண்ணான 172233-ஐ டயல் செய்து, உன்னை எழுப்பும் மந்திரத்தை இறக்கி, லினக்ஸால் எழுதவும் படிக்கவும் முடிந்த ஃபேட் பிரிவில் வைத்து, மறுபடி லினக்ஸுக்கு வந்து கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் ஹெடர்கள் இல்லை என்று நின்றுவிடும். அவை சிடியில் இருந்தால் பிழைத்தோம். பிசி குவெஸ்ட் போன்ற பத்திரிகைகள் இணைப்பாகக் கொடுத்த லினக்ஸ் சிடிகள்தான் அப்போது பலருக்கும் ஒரே வழி, அவற்றில் எல்லாப் பொதிகளும் எப்போதும் இருந்ததில்லை. இல்லையென்றால் மறுபடி விண்டோஸ். முழுக் கெர்னல் மூலநிரல் சுருக்கிய நிலையிலேயே ஏறத்தாழ 30 மெகாபைட். நல்ல கம்பியில் விநாடிக்கு நாலு கிலோபைட் வந்தால் இரண்டு மணி நேரம். நடுவில் வீட்டுக்கு யாரும் போன் செய்யக் கூடாது, அடுத்த அறையில் யாரும் ரிசீவரைத் தூக்கக் கூடாது, டெலிபோன் மீட்டர் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் நினைவூட்டக் கூடாது. இப்படி இரண்டு இயங்குதளங்களுக்கும் நடுவே போய்வந்து போய்வந்து பகுதிகளை மவுன்ட் செய்யவும், டார் பொதியைப் பிரிக்கவும், மேக் கொடுக்கவும், பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கவும் கற்றவர்கள் பலர். அவர்களில் சிலர் பின்னாளில் கெர்னலைக் கையாளும் வேலையிலேயே அமர்ந்தார்கள். கற்காமல் களைத்துப்போய் லினக்ஸ் பிரிவையே அழித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுக்கு நீ கற்பித்தது, சுதந்திர மென்பொருள் என்பது தங்களைப் போன்றவர்களுக்கு அல்ல என்ற பாடம். அது பொய்ப் பாடம். அதைப் பொய்யென்று அவர்களிடம் போய்ச் சொல்ல எங்களிடம் வேலை செய்யும் மோடம் இருக்கவில்லை.

உன் டிரைவர்களின் அடக்கத்தையும் சொல்ல வேண்டும். லூசென்டின் லினக்ஸ் டிரைவரில் பெரும்பகுதி முன்னதாகவே கம்பைல் செய்து மூடிய பைனரி. கெர்னலோடு ஒட்டிக்கொள்ளும் மேலுறை மட்டும்தான் மூலநிரலாக வந்தது. கெர்னல் மாறினால் மேலுறையை நாமே திருத்தலாம், உள்ளே இருப்பதை ஒருவராலும் தொட முடியாது. ஸ்மார்ட்லிங்க் அதே வழியில் எஸ்எல்மோடம்டி என்று ஒரு நிரலைக் கொடுத்தது. அதன் உயிர் டிஎஸ்பிலிப்ஸ் என்ற ஒரே ஒரு கோப்பில் இருந்தது, அதுவும் 32-பிட் பைனரி. பின்னர் லினக்ஸின் ஒலி டிரைவர்களை எழுதும் ஆல்ஸா குழுவினர் இன்டெல் ஏசி97 மோடத்துக்கு முழுக்கத் திறந்த டிரைவரை எழுதினார்கள், வன்பொருளைத் தொடுவதற்கு மூடிய மாட்யூல் எதுவும் தேவைப்படவில்லை. வாசல்வரை திறந்தாகிவிட்டது. டிஎஸ்பிலிப்ஸ் மட்டும் அப்படியே மூடி இருந்தது. டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயல் வழக்கம்போலக் கேரியர் வந்ததா என்று கேட்கும். எஸ்எல்மோடம்டி தருவது மெய்யான சீரியல் போர்ட் இல்லை என்பதால் அந்தக் கேள்விக்கு அதனால் பதில் தர முடியாது. ஆகவே கான்ஃபிக் கோப்பில் கேரியர் செக் என்பதற்கு நேராக நோ என்று எழுதி வைத்தோம். சோதித்துப் பார்க்காமல் நம்பப் பழக்கினாய்.

ஒருமுறை எழுந்தால் எப்போதும் எழுவாய் என்றும் கிடையாது. எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் செய்தோமோ அந்தக் கெர்னலிடம் மட்டுமே உனக்கு விசுவாசம். பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மாறினாலும் மாட்யூல் ஏறாது. கெர்னலைக் கட்டிய ஜிசிசி கம்பைலர் வேறு, மாட்யூலைக் கட்டிய ஜிசிசி வேறு என்றால் அதற்கும் பிணக்கு. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது, மாட்யூல்களைக் கட்டும் முறையே மாறியது, 2.4-க்காகத் தவமிருந்து பெற்ற வரங்களெல்லாம் ஒரே நாளில் காலாவதியாயின. 2004-ல் ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் பதிப்பு, கெர்னல் அடுக்கின் அளவை 4 கிலோபைட்டாகக் குறைத்து வெளிவந்தது. அதைவிடப் பெரிய இடம் கிடைக்கும் என்று நம்பி எழுதப்பட்ட மூடிய டிரைவர்கள் தடுமாறின. மூலநிரல் கையில் இருந்திருந்தால் எவராவது ஒரு மாலையில் திருத்தியிருக்கக்கூடியவை இவற்றில் பல. இல்லாததால் மக்கள் வேறொரு முடிவுக்கு வந்தார்கள்: கெர்னலைப் புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் திருத்தம் வந்தது தெரிந்தும், மோடம் போய்விடும் என்று பயந்து பழைய கெர்னலோடு இணையத்துக்குப் போய்வந்தார்கள். சில நூறு ரூபாய் அட்டை ஒன்று ஒரு வீட்டுக் கணினியின் பாதுகாப்பை முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. உன் அதிகாரத்தின் எல்லையைப் பார்த்து வியப்பும் வருகிறது.

உன் அடியார்களின் நுட்பத்துக்கு ஒரு பைட்டே சாட்சி. லினக்ஸ் கெர்னல் தனக்குள் ஏறும் ஒவ்வொரு மாட்யூலிடமும் உன் உரிமம் என்ன என்று கேட்கும். ஜிபிஎல் போன்ற திறந்த உரிமம் இல்லையென்றால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத கெர்னலின் கோளாறுகளை உருவாக்குநர்கள் ஆராய மாட்டார்கள், அதற்காகத்தான் இந்தக் குறி. கோனெக்ஸன்ட் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் விற்ற லினக்ஸான்ட் என்ற கனடா நிறுவனம், உரிமம் கேட்கும் இடத்தில் ஜிபிஎல் என்று எழுதி, அடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, அதன்பின், ஜிபிஎல் என்ற அடைவில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் என்ற விளக்கத்தை எழுதியது. சி மொழியில் பூஜ்ய பைட்டோடு சரம் முடிந்துவிடும். கெர்னல் முதல் மூன்றெழுத்தைப் படித்துவிட்டுத் திருப்தியடைந்தது. 2004 ஏப்ரலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே டிரைவரில் பல மாட்யூல்கள் இருப்பதால் கறை எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பயனரைக் குழப்புகிறது, அதைத் தவிர்க்கத்தான் செய்தோம் என்றது நிறுவனம். அவர்கள் சொன்ன சிரமம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மூடிய நிரல் திறந்த நிரலின் பெயரைச் சொல்லி உள்ளே வந்ததும் உண்மை. பூஜ்யத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று கெர்னல் எழுதியவர்களுக்கே காட்டியது உன் குலம்.

அதே டிரைவரை ஏழைகளுக்கு இலவசமாகவும் தந்தார்கள். இலவசப் பதிப்பின் வேகம் விநாடிக்கு 14,400 பிட். முழு வேகம் வேண்டுமானால் இருபது டாலருக்குள் ஒரு கட்டணம். 14,400 என்பது 1991-ல் வந்த வி.32பிஸ் தரத்தின் வேகம். சில்லுக்கு 56,000 தெரியும், கம்பிக்கு நாற்பதாயிரமாவது தாங்கும், பிராசஸர் எல்லாக் கணக்கையும் போடத் தயாராக இருக்கிறது. நடுவில் ஓர் உரிமச் சாவி இல்லாததால் பயனர் பத்தாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போய் நிற்பார். முன்பு சொன்ன அந்த 30 மெகாபைட்டுக்கு இப்போது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். டாலர் 45 ரூபாயைத் தாண்டிய அந்நாளில் இருபது டாலர் என்பது உன் விலையையே எட்டும் தொகை. கிரெடிட் கார்டு இல்லாத வீட்டில் பணம் இருந்தாலும் கட்ட வழி கிடையாது. விலை குறைந்த மோடம் என்று உன்னை வாங்கியவரிடம் குறைத்த விலையை இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து திரும்பப் பெற்றுக்கொண்ட நேர்த்தி பாராட்டத்தக்கது.

எல்லாம் சரியாகி இணைப்பும் கிடைத்துவிட்ட நாட்களில் நீ மன அடக்கத்தைக் கற்பித்தாய். விநாடிக்கு ஆயிரக்கணக்கான ஓசை மாதிரிகளை இடைவிடாமல் பிராசஸரே கணக்கிட்டு அனுப்ப வேண்டும். சில மில்லிவிநாடி தாமதமானாலும் கம்பியில் ஓசை அறுந்து எதிர்முனை திகைக்கும், இரண்டு பக்கமும் மறுபடி சுருதி சேர்க்கும், சேராவிட்டால் நோ கேரியர் என்று முடிந்துவிடும். பழைய பென்டியத்தில் ஹார்ட் டிஸ்க் டிஎம்ஏ இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுப்பதே போதும், இணைப்பு போய்விடும். எச்டிபார்ம் கட்டளையால் டிஎம்ஏ-வை இயக்கி வைப்பதும், இணைப்பில் இருக்கும்போது கம்பைல் எதையும் தொடங்காமல் இருப்பதும் உன் சந்நிதியில் கடைப்பிடிக்க வேண்டிய ஆசாரங்கள். ஒவ்வொரு முறை அறுந்து மறுபடி டயல் செய்யும்போதும் புதிய அழைப்புக்கான மீட்டர் தொடங்கும். அது நீ ஏற்றுக்கொள்ளும் காணிக்கை அல்ல என்றாலும் உன் பொருட்டுச் செலுத்தியது.

உன் மௌனத்துக்கு ஆழமான காரணம் உண்டு. உன்னை உருவாக்கியவர்கள் வன்பொருளையெல்லாம் மென்பொருளாக மாற்றியபோது, விற்கத் தகுந்ததாக அவர்களிடம் மிஞ்சியது அந்த மென்பொருள் மட்டும்தான். அட்டையில் இருந்த சில்லுகளை யாரும் செய்துவிடலாம். எதிரொலியை நீக்கி, கம்பியின் குணத்தை அளந்து, வி.90-இன் கணக்கைப் போட்டு முடிக்கும் நிரல்தான் சரக்கு. அதைத் திறந்து கொடுத்தால் அடுத்த நிறுவனத்தின் அட்டையும் அதே நிரலில் ஓடும். எனவே பூட்டினார்கள். நாம் மோடம் என்று நினைத்துச் சில்லு பதித்த அட்டையை வாங்கி வந்தோம். உண்மையில் வாங்கியது விண்டோஸுக்கான ஒரு நிரலை ஓட்டும் உரிமை. அட்டை அந்த உரிமைக்கான ரசீது. கடையில் அப்படிச் சொல்லி விற்றிருந்தால் எவர் மீதும் எனக்குக் குறையில்லை.

பூட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. திங்க்பேட் 600 வரிசை மடிக்கணினிகளில் இருந்த எம்வேவ் மோடத்துக்கு ஐபிஎம் தன் கெர்னல் டிரைவரை ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்தது, அது கெர்னல் மூலநிரலிலேயே இடம்பெற்றது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சு நிரலாளர் மோடத்தின் ஓசைக் கணக்கைத் திறந்த நிரலாக எழுத முயன்று லின்மோடம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஆனால் உன்னைப் பற்றி நான் உளமார வியப்பது வேறொரு சம்பவத்துக்காக. ஆம்பியன்ட் நிறுவனத்தின் எம்டி3200 என்ற சில்லு பதித்த மலிவு வின்மோடம் ஒன்று இருந்தது. மார்க் ஸ்பென்சர் 1999-ல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளுக்குக் கம்பியோடு பேச ஓர் அட்டை தேவைப்பட்டது. அந்தச் சில்லை எப்படி இயக்குவது என்பது தெரிந்ததும், டபிள்யூசிஎஃப்எக்ஸ்ஓ என்று ஒரு ஜிபிஎல் டிரைவர் எழுதினார்கள். மோடமாக லினக்ஸில் வாய் திறக்காத அதே வகை அட்டை, எக்ஸ்100பி என்ற பெயரில் அலுவலகங்களின் டெலிபோன் அழைப்புகளை வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. சிறு ஊர்களில் இருந்தவர்கள்கூட மலிவு அட்டையைத் தேடிப் பிடித்து வீட்டிலேயே சொந்த எக்ஸ்சேஞ்ச் கட்டினார்கள். மாறியது அட்டை அல்ல. அதைப் பற்றிய தகவல் திறந்த கைகளுக்கு வந்தது, அவ்வளவுதான். உனக்குள் இவ்வளவு திறமை இருந்ததென்று அப்போதுதான் தெரிந்தது. அதை எத்தனை லட்சம் அட்டைகளில் அடக்கி வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

உன்னைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ராக்வெல்லின் சில்லுப் பிரிவு 1999-ல் கோனெக்ஸன்ட் ஆனது. பிசிடெல் தன் மோடம் தொழிலை 2003-ல் அந்தக் கோனெக்ஸன்டுக்கு விற்றது. லூசென்டின் பிரிவு அகீர் ஆகி, 2007-ல் எல்எஸ்ஐ-க்குள் கரைந்தது. கோனெக்ஸன்ட் 2013-ல் திவால் மனு போட்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் காப்புரிமைகள் போயின, பெயர்கள் போயின, கட்டடங்கள் போயின. ஒரு கையிலிருந்தும் மூலநிரல் வெளியே விழவில்லை. நீ உயிரையே கொடுத்த விண்டோஸும் 64-பிட்டுக்கு மாறியபோது 32-பிட் டிரைவர்களை ஏற்க மறுத்துவிட்டது. பழைய அட்டைகளில் பலவற்றுக்குப் புதிய டிரைவர் எழுத ஆளில்லை, உன் எஜமானர் வீட்டிலேயே உன்னை அடையாளம் தெரியாமல் போயிற்று. அந்தச் சீரியல் மோடத்தை மட்டும் இன்றைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிளில் மாட்டி ஏடி என்று அனுப்பினால் ஓகே என்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இணையத் தொலைபேசி வழியாகப் பழைய மோடம் ஓசையை அனுப்பிப் பார்க்க விரும்பிய ஆய்வாளர்கள் டி-மோடம் என்ற திட்டத்தை வெளியிட்டார்கள். அட்டையே இல்லாமல் மோடத்தை நிரலாக மட்டும் ஓட்ட வேண்டிய அவர்களுக்கும் கடைசியில் கைகொடுத்தது எஸ்எல்மோடம்டியும் அதே டிஎஸ்பிலிப்ஸும்தான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் 32-பிட், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத பைனரி. வி.34 வந்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது, வி.90 வந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். காப்புரிமையின் ஆயுள் இருபது ஆண்டு. போட்டி நிறுவனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த மூலநிரல் இன்று யாருடைய சர்வரில் தூங்குகிறதோ, அவர் அதை வெளியிட்டால் ஒருவருக்கும் ஒரு காசு நஷ்டம் வராது. மோடத்தின் கணிதம் எப்படி இருந்தது என்று படிக்க விரும்பும் மாணவருக்கு அது பெரிய கொடையாக இருக்கும். கேட்டுப் பார்த்தாயிற்று. இதுவரை எவரும் கொடுக்கவில்லை. வின்மோடமே, பெற்றவர்கள் மறந்துபோன ரகசியத்தை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாய். உன் விசுவாசம் வாழ்க.